பானெட்டில் பனி இல்லை

1

ஷார்ஜாவுக்கு வந்து பன்னெண்டு வருசம் முடிஞ்சுது. ரூம்ல இருக்கற பசங்க கேக் வாங்கி வந்து வெட்டச் சொன்னாங்க. வெட்டினேன். சாப்பிட்டேன். இன்னாணா, முகம் இப்படி இருக்குதுன்னு கேட்டாங்க. ஒண்ணுமில்லைன்னேன்.

ஒண்ணு இருக்குது. தை மாசத்திலருந்து இருக்குது.

நம்ம ஊர் பசங்க மலர்னு ஒரு புஸ்தகம் போடறாங்களாம். வெளிநாட்டு வாழ்க்கையப் பத்தி எழுதி அனுப்புங்கன்னு கேட்டாங்க. பாலைவனம், ஒட்டகம், பெரிய கட்டடம்னு எதிர்பார்க்கறாங்க போல. நான் ஏழாவது வரைக்கும் படிச்சவன். ஒட்டகத்தை இங்க வந்து தூரத்துலதான் பாத்திருக்கேன். எனக்கு எழுத வர்றது ஒரு பழைய கார் விசயம்தான். படிக்கறவங்க படிங்க.

முதல்ல என் வேலையச் சொல்லிடறேன். பழைய கார் விக்கற யார்டுல இருக்கேன். விக்கறது நானில்லை. அதுக்கு டை கட்டின ஆளுங்க இருக்காங்க. நான் காலையில இருட்டோட போயி, சாவிப் பெட்டியத் தொறந்து, வரிசையா ஒவ்வொரு வண்டியா ஸ்டார்ட் பண்ணி ஓட விடணும். சூடானதும் நிறுத்தணும். கடை தொறக்கறதுக்குள்ள எல்லாத்தையும் முடிக்கணும்.

ஏன்னு கேப்பீங்க. ராத்திரி முழுக்க நின்ன இன்ஜின் ஆறிப் போயிருக்கும். ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் அதோட லட்சணம் தெரியும். தேஞ்சு போனதுன்னா கடகடன்னு அடிக்கும். ஆயில் குடிக்கறதுன்னா பின்னால நீலமா புகை விடும். கொஞ்ச நேரம்தான். சூடேறினா அடங்கிடும். அப்புறம் வாங்க வர்றவன் காதை ஒட்ட வச்சுக் கேட்டாலும் ஒண்ணும் பிடிபடாது. அந்தக் கொஞ்ச நேரத்தை அவன் பாக்கக் கூடாது. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

குளிர் மாசத்துல இங்க பனி பெய்யும். வண்டி மேல எல்லாம் தண்ணி நிக்கும். இன்ஜின் சூடானா அதுக்கு மேல இருக்கற மூடி, பானெட் மட்டும் காஞ்சு போயிடும். அதைப் பாத்தே கண்டுபிடிக்கற ஆளுங்க உண்டு. அதனால வண்டியை முழுசாத் துடைச்சிடணும். அதுவும் என் வேலைதான்.

பெருமையாச் சொல்லலை. வெக்கப்பட்டும் சொல்லலை. இந்தச் சம்பளத்துலதான் என் பொண்ணு தேவி காஞ்சிபுரத்துல காலேஜ் போறா.

2

ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை லீவு. இந்தத் தடவை பொங்கலுக்குப் போனேன்.

லீவுன்னா ஓய்வு இல்லை. ரெண்டு வருசமா வீட்டுல சேத்து வச்ச வேலை எல்லாம் அந்த நாளுங்களுக்குள்ள முடியணும். பேங்க்ல போயி நான்தான் நான்னு காட்டணும். கையெழுத்து ஒத்துப் போகலைன்னாங்க. திருப்பிப் போட்டேன். இது இன்னும் மோசம்னாங்க. கார்டுல ஒரு போன் நம்பர், கையில ஒரு போன் நம்பர். இன்னொரு ஆபீஸ்ல, வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு வேற கவுண்டர்னாங்க. அந்தக் கவுண்டர்ல நாற்காலி இருந்தது. ஆள் இல்லை.

இந்த அலைச்சலுக்கு நடுவுல என் தம்பி வேலு கார் விசயத்தை எடுத்தான்.

வேலு டிரைவர். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிங்களுக்கு ஷிப்ட் ஆளுங்களை ஏத்தி எறக்கறான். ஓட்டறது இன்னொருத்தர் வண்டி. அந்த ஓனர், தை முடியறதுக்குள்ள வண்டிய வித்துடப் போறேன்னுட்டார். சொந்த வண்டி வச்சிருந்தா அதே ரூட்டு வேலுவுக்கு. இல்லைன்னா ரூட்டு வேற ஆளுக்குப் போயிடும். ரூட்டு போனா அவன் வீட்டுலதான் உக்காரணும். பட்டுத் தறி அவனுக்கு ஆகாது. எங்க அப்பா உக்கார வச்ச அன்னிக்கே எழுந்து ஓடினவன். இப்ப வீட்டுல தறியில இருக்கறது என் பொண்டாட்டி சாந்திதான்.

"டீசல் வண்டி ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்ணா. நீ டோக்கன் அட்வான்ஸ் மட்டும் குடு. மீதிய அப்புறம் பாத்துக்கலாம்"னான்.

"வண்டி எங்க?"

"தென்னேரியில. பாபுன்னு ஒரு புரோக்கர். நல்ல மனுசன்."

"போயிப் பாக்கலாம்."

"நாம எதுக்குணா போவணும்? அவரே கோயிலுக்கு எடுத்தாந்துடுவாரு. நல்ல நேரத்துல பூஜை போட்டு டோக்கன் குடுத்துட்டா முடிஞ்சுது."



3

பிள்ளையார் கோயில் வாசல்ல வண்டி வந்து நின்னுது. மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வச்சு, டயர் நாலுக்கும் எலுமிச்சம்பழம் வச்சிருந்தாங்க. சாந்தி, தேவி, வேலு, அவன் பொண்டாட்டி, பக்கத்து வீட்டு ஆளுங்க எல்லாரும் நின்னுக்கினு இருந்தாங்க. குருக்கள் கற்பூரத் தட்டோட வந்துட்டார்.

நான் பானெட் மேல கைய வச்சேன். சுட்டுது.

பாபு சிரிச்சார். "தென்னேரியிலருந்து ஓட்டிக்கினு வர்றேன்ணா. சுடாம ஜில்லுன்னா இருக்கும்?"

ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறேன்னு கதவைத் தொறந்து உக்காந்தேன். எதிர்ல ஸ்டீரிங் இல்லை. இங்க ஷார்ஜாவுல ஸ்டீரிங் இடது பக்கம். பன்னெண்டு வருசப் பழக்கம், கால் தானா அந்தப் பக்கம் போயிடுச்சு.

"துபாய்க்காரரே, வண்டி இந்தப் பக்கத்துலருந்துதான் ஓடும்"னார் பாபு. எல்லாரும் சிரிச்சாங்க. தேவியும் சிரிச்சா. நான் இருக்கறது துபாய் இல்லைன்னு அவளுக்குத் தெரியும். யாருக்கும் அவ சொல்லலை.

இந்தப் பக்கம் வந்து ஸ்டார்ட் பண்ணேன். பூ மாதிரி ஓடிச்சு. ஓடாதா பின்ன?

நம்ம ஊர்ல பட்டுச் சேலைய எப்படி எடுப்பாங்கன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போயி சாயம் பாப்பாங்க. ஜரிகைய உரசிப் பாப்பாங்க. கடைக்காரன் முகம் சுளிச்சா, மடிச்சு வச்சுட்டு எழுந்துடுவாங்க. கார் வாங்கறப்போ மட்டும் தேங்காய உடைச்சுட்டு அப்புறம் பானெட்டைத் தொறக்கறாங்க. சாமி முன்னாடி குங்குமம் வச்ச வண்டிய வேணாம்னு சொல்ல எந்த வீட்டுல ஆள் இருக்காங்க? பாபுவுக்கு அது தெரியும். எல்லா வண்டியையும் அவர் கோயில் வாசல்லதான் காட்டுவாராம். நல்ல நேரம் பாத்துத்தான் வருவாராம். பக்திமான்னு பேரு.

ஷார்ஜாவுல எங்க முதலாளி என்னை வச்சு இன்ஜினைச் சூடாக்கறார். பாபு பஞ்சாங்கத்தை வச்சு சூடாக்கறார். ஆள் வைக்கற செலவு கூட இல்லை.

நான் தட்டுல தட்சணை போட்டேன். டோக்கன் குடுக்கலை.

"நாளைக்குப் பாக்கலாம்"னேன்.

"நாளைக்கு அஷ்டமிணா"ன்னான் வேலு.

"இருக்கட்டும்."

சாந்தி என் பக்கத்துல வந்து, உதடு அசையாம, "ஏங்க, தெருவே பாக்குது"ன்னா.

"பாக்கட்டும்."

வேலு குனிஞ்சான். டயருக்கு அடியில இருந்த எலுமிச்சம்பழத்தை ஒவ்வொண்ணா எடுத்து வெளியப் போட்டான்.

4

அன்னிக்குச் சாயங்காலம் தேவிகிட்ட மட்டும் சொன்னேன். "காலையில வெளிச்சம் வர்றதுக்குள்ள ஸ்கூட்டிய எடு. தென்னேரி போலாம். யாருகிட்டயும் சொல்லாத." சரின்னா.

பனியில போனோம். வாலாஜாபாத் தாண்டினதும் ரோடு ஒண்ணும் தெரியலை. ஒரு முக்குல "சீதா போ"ன்னேன். இங்க ஷார்ஜாவுல எல்லார்கிட்டயும் இந்திதான். நாக்குல அது முன்னால வந்து நிக்குது.

"நேரான்னு சொல்லுங்கப்பா"ன்னா.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டேன். "எத்தனாவது வருசம் நீ?"

"செகண்ட் இயர். போன வாரமும் கேட்டீங்க."

அவ என்னை வாங்க, போங்கன்னுதான் பேசறா. வேலுவை வா, போ. ஸ்கூலுக்குக் கூட்டிக்கினு போனவன் அவன். ஜுரம் வந்தா ஆஸ்பத்திரியில உக்காந்தவன் அவன். அவனுக்கு அந்த உரிமை உண்டு. ஆனா மரியாதைய வச்சு ஒரு ஆளைத் தூரத்துல நிறுத்த முடியும்னு அன்னிக்கு ஸ்கூட்டி பின்னால உக்காந்துதான் தெரிஞ்சுக்கினேன்.

பாபு வீடு ஏரிக்கரைக்குக் கீழ இருந்தது. வண்டி வெளிய, வேப்பமரம் தள்ளி, தெறந்த இடத்துல நின்னுக்கினு இருந்தது. நான் எறங்கி நேரா வண்டிகிட்ட போனேன். கூரை மேல பனி. கண்ணாடி மேல பனி. டிக்கி மேல விரல் வச்சா கோடு விழுது. பானெட் மட்டும் காஞ்சிருந்தது. கைய வச்சேன். நல்ல சூடு.

இதைத் துடைக்கணும்னு கூட அந்த ஆளுக்குத் தெரியலை.

பாபு துண்டை தோள்ல போட்டுக்கினு வெளிய வந்தார். "வாங்கணா. டீ சாப்புடறீங்களா?" எதுக்கு இந்நேரத்துக்கு வந்தேன்னு அவர் கேக்கலை.

"எப்ப ஸ்டார்ட் பண்ணீங்க?"

"நானா? நேத்து வந்து நிறுத்தினதுதான். தொடக்கூட இல்லை."

"எல்லா இடத்துலயும் பனி இருக்குது. இங்க இல்லை."

"வெயில் பட்டிருக்கும்ணா."

"வெயில் எங்க?"

அவர் மேல பாத்தார். வானம் இன்னும் வெளுக்கவே இல்லை. "அடுப்புல பால் வச்சிருக்கேன்"னு உள்ள போயிட்டார்.

நான் திரும்பினேன். தேவி போனைப் பாத்துக்கினு இருந்தா.

"நேத்து ராத்திரியே சித்தப்பா கேட்டுச்சு. சொன்னேன்"னா. நான் கேக்கறதுக்கு முன்னாடியே.

"யாருகிட்டயும் சொல்லாதன்னேனே."

"சித்தப்பாவா 'யாரோ'?"

நான் போயி பானெட்ல மறுபடியும் கைய வச்சேன். இன்னும் சுட்டுது.

5

"இன்ஜின் ஆறட்டும். அது வரைக்கும் இருக்கேன்"னு வீட்டுக்குள்ள பாத்துச் சொன்னேன்.

பாபு விட்டுட்டுப் போன சாவி வண்டியிலயே இருந்தது. எடுத்து சட்டைப் பையில போட்டுக்கினேன். வேப்பமரத்துக் கீழ ஒரு கல்லு. அதுல உக்காந்தேன். தேவி, காலேஜுக்கு நேரமாவுதுன்னு போயிட்டா. நான் போன்னேன்.

பாபு வந்து பாத்தார். "எவ்ளோ நேரம்ணா இருப்பீங்க?"

"ஆற வரைக்கும்."

"ஆளை நம்பணும்ணா. நம்பிக்கைதான் யாவாரம்."

"இன்ஜின் ஆறினதும் நம்பறேன்."

கொஞ்ச நேரம் கழிச்சு டீ வந்தது. குடிக்கலை. தெருவுல போறவங்க நின்னு பாத்தாங்க. ஒருத்தர், "இன்னா பாபு, காருக்குக் காவல் போட்டிருக்க?"ன்னார். "துபாய்க்காரருப்பா. இன்ஜினுக்கு ஜுரம், எறங்குதான்னு பாத்துக்கினு இருக்காரு"ன்னார் பாபு. சிரிச்சுக்கினே போனாங்க. நான் அப்பப்ப எழுந்து பானெட்ல கைய வைப்பேன். மறுபடியும் உக்காருவேன். சிரிக்கறவங்க சிரிக்கட்டும். வெயில் ஏறிக்கினே வந்தது. மரத்து நிழலு வண்டி மேல விழற மாதிரி தள்ளி நிறுத்தச் சொன்னேன். ஸ்டார்ட் பண்ணாம, தள்ளி. பாபு முனகிக்கினே வந்து தள்ளினார். நானும் தள்ளினேன்.

அங்க உக்காந்துக்கினே எங்க யார்டு மேனேஜருக்குப் போன் போட்டேன். இன்னும் பத்து நாள் லீவு வேணும்னேன். வேற வண்டி தேடணும்னா நாள் வேணுமே. அவர் கத்தலை. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். "உன் இஷ்டம். டிக்கெட் ஞாயித்துக்கிழமைக்குப் போட்டது. நீ வரலைன்னா திங்கக்கிழமை வேற ஆளு வண்டிய ஸ்டார்ட் பண்ணுவான்"னார். வச்சுட்டார்.

என் விசா அவர் கையில. என் நாளும் அவர் கையில.

6

மத்தியானம் வேலு வந்தான். ஷிப்ட் ஆளுங்களை எறக்கிட்டு நேரா வந்திருக்கான். என்னைப் பாத்தான், வண்டியைப் பாத்தான்.

நான் பானெட்ல கைய வச்சேன். ஆறியிருந்தது. சாவிய எடுத்தேன்.

"ஸ்டார்ட் பண்ண வேணாம்ணா"ன்னான். "புகை வரும். எனக்குத் தெரியும்."

"எப்பத்திலருந்து தெரியும்?"

"பாத்த அன்னிக்கே. நான் வண்டி ஓட்டறவன்."

"பாபுகிட்ட காலையில ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொன்னது?"

"நான்தான்."

பாபு வீட்டுக்குள்ள போயி கதவை ஒருக்களிச்சு வச்சுக்கினார்.

"தெரிஞ்சுக்கினே ஓட்டை வண்டிய என் தலையில கட்டப் பாத்த."

"ஆமா."

"ஏன்டா?"

"நீ ஞாயித்துக்கிழமை பிளைட் ஏறிடுவ."

"வேற வண்டி பாக்கலாம்."

"எப்ப?"

"பாக்கலாம்டா. நான் அங்க போயி அனுப்பறேன்."

"அனுப்புவ"ன்னான். கோபமாக் கூட சொல்லலை. "போன தடவை மாடி கட்ட அனுப்பறேன்னுட்டுப் போன. அப்புறம் உனக்கு விசா மாத்தற செலவு வந்தது. தேவிக்கு காலேஜ் வந்தது. நான் கேக்கலை. நீயும் பேசலை. நம்ம வீட்டுல எது நடந்தாலும் நீ இங்க நிக்கற நாள்லதான் நடக்குது. நல்ல வண்டி தேட எனக்கு நாள் இருக்குதுணா. உனக்கு இல்லை. உனக்கு இல்லைன்னா எனக்கும் இல்லை."

"அதுக்கு ஆயில் குடிக்கற வண்டியா?"

"ஆயில் குடிக்கற வண்டிய ஊத்தி ஊத்தி ஓட்டிக்குவேன். இல்லாத வண்டிய எதை ஊத்தி ஓட்டறது?"

அவன் நிறுத்தலை.

"பாபு பண்ணதைத்தான் நீ அங்க தினம் பண்ற. அங்க வாங்கறவனுக்கும் ஒரு அண்ணன் இருப்பான் இல்ல?"

கைய ஓங்கிட்டேன். அவன் நகரலை. கண்ணைக் கூட மூடலை. கைய எறக்கிட்டேன். சாவிய பானெட் மேல வச்சேன். ஏரிக்கரை மேல ஏறி, பஸ் வர்ற ரோடு வரைக்கும் நடந்தேன். அவன் வண்டியில ஏறுன்னு கூப்பிடலை. கூப்பிட்டிருந்தாலும் ஏறியிருக்க மாட்டேன்.

எதுக்குக் கோபம்னு அன்னிக்கு பஸ்ல யோசிச்சேன். ஏமாத்தினதுக்கா? ஏமாத்தறவனுங்களை தினமும் பாக்கறேன். அவன் சொன்னதுல ஒண்ணு கூட பொய் இல்லை. அதுக்குத்தான் கோபம். எல்லாத்தையும் அவன் சரியாச் சொல்லிட்டான். அப்படியும் அந்த வண்டி ஓட்டை வண்டிதான்.

7

ஞாயித்துக்கிழமை ஏர்போர்ட்டுக்கு வேற வண்டியில போனேன். எப்பவும் வேலுதான் விடுவான்.

மாசி பொறந்து கொஞ்ச நாள்ல தேவி போட்டோ அனுப்பினா. அதே வண்டி. புது மாலை. எல்லாரும் முன்னால நின்னுக்கினு இருந்தாங்க. சாந்தி கழுத்துல சங்கிலி இல்லை. அவளுக்கே போன் போட்டேன்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா வேணாம்னுவீங்க."

"வேணாம்னுதான் சொல்வேன்."

"அதான் கேக்கலை"ன்னா. போன்ல கேட்டுக்கினு இருந்த தறி சத்தம் நின்னுது. "நீங்க கோவிச்சுக்கினு பிளைட் ஏறிட்டீங்க. நாங்க எங்க ஏறறது? உங்க தம்பி வேலை இல்லாம எதிர்ல உக்காந்திருக்கறதை தினமும் பாக்கறது நான். ரூட்டுக்காரங்ககிட்ட போயி இன்னும் ஒரு வாரம் பொறுங்கன்னு கெஞ்சினது நான்."

மறுபடியும் தறி சத்தம் கேட்டுது. நான் வச்சுட்டேன்.

அப்புறம் ஒரு நாள், கம்பெனி வேன்ல யார்டுக்குப் போய்க்கினு இருக்கேன், வேலு கிட்டருந்து போன். தென்னேரிக்கு அப்புறம் முதல் தடவை. எடுக்க வேணாம்னு நினைச்சேன். எடுத்தேன்.

"ணா. புகை எப்பவும் கொஞ்ச நேரத்துல நின்னுடும். இன்னிக்கு நிக்க மாட்டேங்குது."

"ஆயில் பாத்தியா?"

"பாத்தேன். ஆயில் குச்சியில கீழ் கோட்டுக்கும் கீழ இருக்குது."

"நேத்து ஊத்துனியா?"

"மறந்துட்டேன்."

அதுக்கப்புறம் நான் பேசினதை இங்க எழுத முடியாது. வேன்ல இருந்த பாகிஸ்தான்காரர் திரும்பிப் பாத்தார். தமிழ் புரியாது, ஆனா புரிஞ்சிருக்கும். கோயில் வாசல்ல சிரிச்சது, பானெட் சூடா இருந்தது, சங்கிலி போனது, என் பொண்ணு என்னை வாங்க போங்கங்கறது, எல்லாத்தையும் சேத்து திட்டினேன். வேலு வச்சுடலை. வண்டி கடகடன்னு அடிக்கறது போன்ல கேட்டுக்கினே இருந்தது.

முடிச்சதும், "போனை சைலன்ஸர் கிட்ட புடி"ன்னேன். புடிச்சான். "முன்னால கொண்டு வா." கொண்டு வந்தான். "ஆயில் ஊத்து. ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதிக்காத. வண்டலூர் பக்கம்னு தூர சவாரி எல்லாம் ஒத்துக்காத. ரூட்டை மட்டும் ஓட்டு. இன்ஜினை எறக்கி சரி பண்ற வரைக்கும் தேவியை அதுல ஏத்தாத."

"அவ எங்க கேக்கறா? முன் சீட்டு அவளுதாம்"னான்.

இப்ப தினமும் போன் பண்றான். அவனுக்கு வண்டி தெரியும், என்னைக் கேக்கணும்னு அவசியம் இல்லை. கேக்கறான். என் கோபம் போகலை. இன்ஜின் எறக்கினாலும் போகாது. அவனுக்கும் அது தெரியும்.

இன்னிக்குக் காலையிலயும் பண்ணான். திட்டினேன்.

"திட்டி முடிச்சியா?"ன்னான். "ஆளுங்க நின்னுக்கினு இருக்காங்க."

"ஊத்துனியா?"

"ஊத்திட்டேன்."

"போ"ன்னேன்.